தொடாமல் தாண்டினால் பூஜ்யம்

தலைமை ஆசிரியர் இராமலிங்கத்துக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஒரு வருஷம் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி முருங்கை நட வேண்டும் என்றார். ஊர் ஆடுகள் அதைத் தின்று கொழுத்தன. மறுவருஷம் எல்லாரும் இடக்கையாலும் எழுதிப் பழக வேண்டும் என்றார். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 1968 ஜூன் மாதத்தில் பட்டணத்துப் பயிற்சி முகாம் ஒன்றில் பத்து நாள் உட்கார்ந்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியவர், ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, இனி ஒவ்வொருவரும் ஒரே பொருளை எடுத்து இரண்டு வருஷம் ஆராய்ந்து நோட்டு எழுத வேண்டும் என்று அறிவித்தார். அதன் பெயர் புராஜெக்ட். அந்த வருஷம் மெக்சிகோவில் ஒலிம்பிக் நடக்கப் போவதால் ஆளுக்கு ஒரு ஒலிம்பிக் போட்டி. குடிக்கத் தண்ணீர்ப் பானை இல்லாத பள்ளிக்கூடத்துக்கு மெக்சிகோ ஒரு கேடு.

சீட்டு எழுதிச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். கோபாலுக்கு ஹாக்கி வந்தது. குணசுந்தரிக்குக் குதிரை மேல் உட்கார்ந்து தடை தாண்டும் போட்டி வந்தது. வகுப்பே சிரித்தது. ஆரணியில் அப்போது மூன்று குதிரைகள் இருந்தன. மூன்றும் ஜட்கா இழுப்பவை, அவற்றில் ஒன்றுக்குக் கண் தெரியாது.

புராஜெக்டுக்குப் பொறுப்பாளர் டிரில் மாஸ்டர் அரசப்பன். தொப்பைக்கு மேல் விசில் தொங்கும். டிரில் வகுப்பில் பிள்ளைகளை மைதானத்துப் புல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் தூங்குவார்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சுகினு கீற? பச்சைக் குதிர ஆடறது இல்ல? அது மாதிரிதான்" என்றார்.

"ஆளு மேல ஒக்காந்துகினு குதிர தாண்டணும் சார்."

"ஆளு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? நல்லா தாண்டினவனுக்கு நெறைய மார்க்கு. எழுதினு வா, போ."

முன்னே பின்னே செத்தால்தானே சுடுகாடு தெரியும் என்று குணசுந்தரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வெளியே பேசுவது கொஞ்சம், உள்ளே பேசுவது அதிகம். உள்ளே அவள் எல்லாருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். இராமலிங்கம் முருங்கைக்காய், அரசப்பன் ஊதாத விசில். சொந்த அப்பாவுக்கே தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பொருத்தம் என்பது அவள் எண்ணம்.

அவர்கள் வீடு ஆரணியிலிருந்து ஒன்றரை மைல், ஆற்றை ஒட்டிய ஊரில். அப்பா முனிகிருஷ்ணனுக்கு நாலு ஏக்கர் நஞ்சை உண்டு, பேச்சு கிடையாது. வீட்டில் அம்மா கனகாம்பாள் வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுப்பவன் அம்மாவின் தம்பி பூவராகவன். அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கேட்டுக் காவல்காரன். ஊருக்கு வந்தால் ஃபோர்மேன் ஆகிவிடுவான். டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வரப்போவதாகவும், வந்ததும் தன்னைத்தான் சூப்பர்வைசராகக் கூப்பிடுவார்கள் என்றும் சொல்லித் திரிவான். படித்தது அஞ்சாம் வகுப்பு. அக்கா மகள் தன்னைவிட அதிகம் படித்துவிடுவாளோ என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே கவலை. குணசுந்தரியைத் தனக்குக் கட்டிக்கொடுப்பார்கள் என்று அவனே முடிவு செய்து வைத்திருந்தான்.

"வயசுக்கு வந்தப்பறம் பொண்ணுக்கு பள்ளிக்கூடம் இன்னாத்துக்குக்கா? நிறுத்திடு" என்று வரும்போதெல்லாம் சொல்லுவான். அம்மா ஆமாம் என்பாள். அப்பா தலையாட்டுவார்.

அடுத்த வருஷம், அவள் பத்தாவதில் இருந்தபோது, ஆடி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பெரியபாளையம் போயிருந்தார்கள். அம்மன் சன்னதியிலேயே பூவராகவன் அந்தப் பேச்சை எடுத்தான். குணசுந்தரி அழவில்லை, "நான் பதினொண்ணாவது படிப்பேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கூட்டத்தில் மானம் போகிறதே என்று அம்மா பல்லைக் கடித்தாள். அப்போது முனிகிருஷ்ணன் ஒரு சூடத்தை ஏற்றித் தரையில் வைத்தார்.

"குதிர நோட்டு ஒண்ணு எழுதினு கீறா இல்ல? அந்த குதிர நோட்டுல அவ ஜெயிச்சா பதினொண்ணாவது படிக்கட்டும். இல்லாங்காட்டி நீங்க சொன்ன மாதிரி நிறுத்திடலாம். அம்மன் எதிர்ல சொல்றேன்."

பூவராகவன் உடனே ஒப்புக்கொண்டான். குதிரையை எழுதி எந்தப் பொண்ணு ஜெயிக்கப் போகிறாள்? குணசுந்தரிக்கு அப்பாமேல் ஆத்திரம் பொங்கியது. படிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாமல் மகளுடைய படிப்பை ஒரு நோட்டுப் புத்தகத்தின் தலையில் கட்டிவிட்டாரே என்று, வீடு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் நோட்டை அவள் முதல் வருஷத்திலிருந்தே விடவில்லை. கோபாலைப் போல் பேப்பர் படத்தை வெட்டி ஒட்ட அவளுக்கு மனசு வரவில்லை. பட்டணத்தில் குதிரைப் போலீஸ்காரர்கள் இருக்கிறார்களே என்று அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டாள். ஒரு மாதம் கழித்து இங்கிலீஷில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்து அதைப் படித்தாள். கட்டையை இடித்துத் தள்ளினால் நாலு குற்றம். குதிரை தாண்டாமல் நின்றுவிட்டால் முதல் தடவை மூன்று, இரண்டாம் தடவை ஆறு, மூன்றாம் தடவை போட்டியை விட்டே வெளியே. விழுந்தால் எட்டு. ஒன்றையும் தொடாமல் தாண்டி முடித்தால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவருக்கு வெற்றி.

அவளுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. எதையும் சேர்த்துக் குவிக்காமல், எதையும் இடிக்காமல் வந்தவருக்குப் பரிசு என்பது எவ்வளவு ஒழுங்கான விஷயம்!

குதிரை தாண்டி ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஜட்காக்காரரிடம் போய்க் கேட்டாள். "தாண்டறதா? இது நடந்தாலே நான் தேங்கா ஒடைக்கிறேம்மா" என்றார் அவர். ஆகவே தானே குதிரையாகிவிட்டாள். அறுவடை முடிந்த களத்தில் செங்கல் அடுக்கி, வீட்டு உலக்கையைக் குறுக்கே வைத்துத் தாண்டினாள். அன்றைக்கே அம்மாவிடம் முதுகில் வாங்கினாள்.

"உலக்கைய தாண்டுவியாடி நீ? சோறு போடற லட்சுமிடி அது."

அதற்குப் பிறகு மூங்கில் கழி. எட்டுத் தடை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எட்டையும் தாண்டி, எத்தனை குற்றம் என்று நோட்டில் எழுதுவாள். முதல் மாதம் இருபத்தெட்டு. பிறகு இருபது, பன்னிரண்டு. கிட்டே வந்து எழும்பினால் கால் விரல் இடிக்கிறது, தூரத்திலேயே எழும்பினால் குதிகால் இடிக்கிறது, முழங்கால் உயரக் கழிக்கு ஒன்றரை முழத்துக்கு முன்னால் எழும்ப வேண்டும், கழியைப் பார்க்காமல் கழிக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினாள். அப்பா களத்து ஓரத்தில் குந்திக்கொண்டு பீடி குடிப்பார். கழி விழுந்தால் எழுந்து வந்து எடுத்து வைத்துவிட்டுப் போய் மறுபடி குந்திக்கொள்வார். வேலை இல்லாத மனுஷன், வேறென்ன செய்வார் என்று அவள் நினைத்தாள்.

இரண்டாம் வருஷம் தை மாதத்தில் முதல் தடவையாகப் பூஜ்யம் வந்தது. அதைப் பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டாள்.

அரசப்பன் நோட்டைத் திருத்த எடுத்தபோது, கடைசிப் பக்கத்தில் மாதிரிக்காக அவள் போட்டிருந்த வெற்றிப் பட்டியலின் பூஜ்யத்தில்தான் வந்து முட்டிக்கொண்டார்.

"இன்னா இது? ஜெயிச்சவனுக்கு பூஜ்யம்னு எழுதிகினு வந்துகீற?"

"அது குத்தத்துக்குப் போடற எண்ணு சார். குத்தமே இல்லன்னா பூஜ்யம்."

"இருபத்தஞ்சு வருசமா மார்க்கு போடறேன். எங்கனா பூஜ்யம் வாங்கினவன் கைல கப்பு குடுத்துப் பாத்துகீறியா? இன்ஸ்பெக்டர் வரப் போறாரு. ஸ்கூல் மானத்த வாங்காத."

சிவப்பு மையால் பூஜ்யத்தை அடித்து, முப்பத்திரண்டு வாங்கியவன் பக்கத்தில் 'முதல் பரிசு' என்று எழுதினார். எட்டுத் தடையையும் உடைத்துத் தள்ளின குதிரைக்கு முதல் பரிசு! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று குணசுந்தரி வீட்டுக்கு வந்து, நூற்றிருபது பக்கத்தையும் வேறு நோட்டில் முதலிலிருந்து எழுதினாள். பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே வைத்தாள். இன்ஸ்பெக்டர் செங்கல்பட்டிலிருந்து வருகிறவர், படித்தவர், அவரிடம் நேரே சொன்னால் தெரிந்துகொள்வார் என்று நம்பினாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் வயதுக்கு வந்தாள்.

எண்ணூருக்கு ஆள் போயிற்று. தாய்மாமன் பச்சைத் தென்னோலையோடு வந்து இறங்கினான். வீட்டுக்கு முன்னால் குச்சு கட்டினான். உள்ளே ஒரு பாய், ஒரு சொம்பு, காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் கையில் ஒரு இரும்புத் துண்டு. ஒன்பது நாள் தலைக்கு ஊற்றும்வரை வெளியே வரக் கூடாது, ஆம்பிளைகள் கண்ணில் படக் கூடாது, அவள் தொட்டதெல்லாம் தீட்டு. வாசலுக்குக் குறுக்கே உலக்கை. மற்ற வீடுகளில் அதைத் தரையில்தான் போடுவார்கள். பூவராகவன் தன் கண்டிப்பைக் காட்டுவதற்காக இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தான்.

அவளை உட்கார வைத்தபோது நோட்டு அவள் கையில் இருந்தது. ஆகவே நோட்டும் தீட்டு. அதை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க ஒருவரும் இல்லை.

"அம்மா, அத்த மட்டுமாச்சும் குடுத்தனுப்பேன்."

"தீட்டு பட்டத எவ தொடுவா? ஒம்போதாம் நாளு குச்ச கொளுத்தும்போது பாயோட சேத்து அதுவும் போவட்டும்."

"பேஜாரு ஒழிஞ்சுது" என்றான் பூவராகவன், குச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

முனிகிருஷ்ணன் தலையாட்டினாரா என்று ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அதுகூடத் தெரியவில்லை.

ஆறாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் வரும் நாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். பூவராகவன் குளித்து, டெரிலின் சட்டை போட்டு, வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். இட்லியைச் சட்னியில் முக்கிப் பிழிந்து அவன் தின்கிற அழகைப் பார்த்தபோது, இந்த நோட்டு எரியத்தான் வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்தாள். நோட்டை இடுப்பில் செருகினாள். குச்சுக்குள் மூன்று எட்டு வைக்கத்தான் இடம். மூன்று எட்டு போதும். உலக்கையைப் பார்க்கவில்லை. அதற்கு அந்தப் பக்கம் காய்ந்துகொண்டிருந்த முறத்தைப் பார்த்தாள். ஒன்றரை முழத்துக்கு முன்னால் எழும்பினாள்.

உலக்கை ஆடவில்லை.

"அடிப்பாவி" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பூவராகவன் தட்டோடு எழுந்து குறுக்கே வந்து நின்றான். குணசுந்தரி நடந்துகொண்டே இருந்தாள். தொட்டுத் தடுத்தால் தீட்டு, சட்டையோ புதுசு. அவன் பின்வாங்கினான். மூன்று, என்று அவள் எண்ணினாள். அவன் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்து, கையை நீட்டி, மறுபடி இழுத்துக்கொண்டான். ஆறு. தெரு முனையில் மூன்றாம் தடவையும் நின்றுவிட்டான். நீ போட்டியை விட்டே வெளியே மாமா, என்று அவள் மனசுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

வாய்க்கால் வரப்பில் திரும்பிப் பார்த்தபோது முப்பது அடி பின்னால் அப்பா வந்துகொண்டிருந்தார். தோளில் துண்டு. கூப்பிடவில்லை. இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார், அதற்கும் தைரியம் இல்லாமல் பின்னாலேயே வருகிறார் என்று அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் முகமெல்லாம் மஞ்சளும், தலையில் வேப்பிலையும், கையில் இரும்பும், இடுப்பில் நோட்டுமாக அவள் நுழைந்தபோது, உலகத்தை ஆராயப் புறப்பட்ட அத்தனை வாத்தியார்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இராமலிங்கம் மேஜைக்குப் பின்னால் போய் நின்றார். அரசப்பன் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் தொட வேண்டுமே.

இன்ஸ்பெக்டர் ஆசீர்வாதம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "நான் இதெல்லாம் பாக்கறவன் இல்ல, வரட்டும்" என்றார். சொல்லிக்கொண்டே நாற்காலியை இரண்டு அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நோட்ட அங்கயே வெச்சு நீயே பொரட்டிக் காட்டும்மா."

அவள் புரட்டினாள். களத்தின் படம், எட்டுத் தடை, எழும்பும் தூரம், ஞாயிறு தோறும் கணக்கு. கடைசியில் பட்டியல்.

"இந்த பூஜ்யம் யாரு?"

"ஜெயிச்சவங்க சார்."

இன்ஸ்பெக்டர் அரசப்பனைப் பார்த்தார். "நான் அன்னிக்கே அடிச்சு குடுத்தேன் சார். திரும்பவும் அப்டியே எழுதினு வந்துகீது" என்றார் அரசப்பன். அவள் நோட்டுக்குள்ளிருந்து சைக்ளோஸ்டைல் தாளை எடுத்து நீட்டினாள். அதுவும் தீட்டுத்தான். ஒருத்தரும் வாங்கவில்லை. "பூஜ்யம் வாங்கி ஜெயிக்கறதா இருந்தா இந்த ஸ்கூல்ல பாதிப் பேரு ஜெயிச்சுடுவாங்க" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் இராமலிங்கம் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்தாலும் முருங்கைக்காய் முருங்கைக்காய்தான் என்று குணசுந்தரிக்கு அப்போது புரிந்தது. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று வேப்பிலையைப் பிடுங்கி மென்றாள்.

மத்தியானம் கூட்டத்தில் மார்க்கு வாசித்தார்கள். பேப்பரில் வெட்டி ஒட்டின கோபாலின் ஹாக்கிக்குத் தொண்ணூற்றிரண்டு, முதல் பரிசு. கடைசியாக இராமலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "குணசுந்தரி. நோட்டைத் தொட்டுப் பார்க்க முடியாத நிலை. ஆகவே பூஜ்யம்."

வேப்பமரத்தடியில் நின்றிருந்த முனிகிருஷ்ணன் அதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளோடு வீட்டுக்கு நடந்தார். முடிந்தது, சூடம் ஏற்றிச் சொன்ன சொல்படி எல்லாம் முடிந்தது என்று அவள் நடந்தாள்.

பூவராகவன் தெரு முனையிலேயே காத்திருந்தான். "இன்னா மாமா, இன்னா ஆச்சு?"

"பூஜ்யம்" என்றார் முனிகிருஷ்ணன்.

"பூஜ்யமா?" அவன் முகம் பூரித்துவிட்டது. "கேட்டியாக்கா? மானத்தையும் வாங்கினு, பூஜ்யத்தையும் வாங்கினு வந்துகீறா. அம்மன் எதிர்ல சொன்னது சொன்னதுதான் மாமா. நாளைலருந்து பள்ளிக்கூடம் கெடையாது."

"சொன்னது சொன்னதுதான்" என்றார் முனிகிருஷ்ணன். மகள் பக்கம் கையை நீட்டினார். "அத்த குடு."

"தீட்டுங்க" என்று அம்மா பதறினாள். அவர் காதில் வாங்கவில்லை. மகளுடைய இடுப்பிலிருந்த நோட்டைத் தம் கையாலேயே எடுத்தார். புரட்டித் தேடவில்லை. நேராக ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒன்றையும் தொடாமல் தாண்டினால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவருக்கு வெற்றி." நோட்டை மூடினார். "அம்மன் எதிர்ல நான் இன்னா சொன்னேன்? குதிர நோட்டுல ஜெயிச்சா பதினொண்ணாவதுன்னு சொன்னேன். ஜெயிக்கறது இன்னான்னு குதிர நோட்டுலயே எழுதிகீது. எம் பொண்ணு பூஜ்யம் வாங்கிட்டா."

"மாமா, அது குதிரைக்கு."

"குதிரைக்கோசரம் எழுதின நோட்டுதானே இது?"

பூவராகவன் அக்காவைப் பார்த்தான். கனகாம்பாள் தம்பிக்குப் பயப்படுகிறவள்தான். ஆனால் பெரியபாளையத்தம்மனுக்கு அதைவிடப் பயப்படுகிறவள். எரிந்த சூடத்தை அவளும் பார்த்தவள். அவள் உள்ளே போய்ச் சோற்றுப் பானையைக் கிளற ஆரம்பித்தாள்.

முனிகிருஷ்ணன் குச்சு வாசலில் குனிந்து உலக்கையைச் செங்கல்மேலிருந்து எடுத்துத் தரையில் போட்டார்.

"இன்னும் மூணு நாளு கீது. உள்ள போய் ஒக்காரு. பாவாடைய வழிச்சுகினு தாண்டாத, நடந்து போ. நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும், உள்ள இருந்தா கொளுத்திடுவாங்க."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தின் ஓரம் பீடிக் கறை பட்டு மஞ்சளாக, முனை மடங்கி இருந்தது. இராமலிங்கத்துக்கும் அரசப்பனுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் உள்ளே வைத்திருந்த பெயர்களை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு வைத்ததை மட்டும் எடுத்துவிட்டாள்.